நடுவழி நடுவில் இல்லை: வீட்டு சிமுலேட்டரில் அட்லாண்டிக்கைக் கடப்பது

என் முதல் அட்லாண்டிக் பயணம் நியூயார்க்கில் முடியவில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், கேண்டர் என்ற சின்ன ஊரில் முடிந்தது. புயல் வரவில்லை, எஞ்சின் நிற்கவில்லை. என் வகுத்தல் கணக்குதான் காலை வாரியது.

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்குச் சுமார் 3,000 கடல் மைல். எக்ஸ்-பிளேன் 12 என்ற விமான சிமுலேட்டர் மென்பொருளுடன் வரும் ஏர்பஸ் ஏ330-ஐ எடுத்திருந்தேன். 36,000 அடி உயரத்தில் அதன் வேகம் மணிக்கு 470 கடல் மைல். மூவாயிரத்தை 470-ஆல் வகுத்தால் ஆறு மணி இருபத்துமூன்று நிமிடம். மணிக்கு ஆறு டன் எரிபொருள் என்று வைத்தால் 38 டன் சொச்சம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஐந்து டன் சேர்த்து, 43 டன்னோடு கிளம்பினேன். தாராளம் என்று நினைப்பு.

மூன்று மணி நேரம் கழித்துக் காபியோடு வந்து உட்கார்ந்தால், நியூயார்க்கில் மிஞ்சும் எரிபொருள் என்று விமானத்தின் கணினி காட்டிய எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. எதிர்க்காற்று 80 நாட், அதாவது மணிக்கு 80 கடல் மைல். காற்றுக்குள் நான் 470-இல்தான் போய்க்கொண்டிருந்தேன். கீழே கடல் நகர்ந்ததோ 390-இல். அந்த வேகத்தில் நியூயார்க்குக்கு ஏழு மணி நாற்பது நிமிடம் ஆகும், 46 டன் வேண்டும். என்னிடம் அது கிடையாது.

உள்நாட்டுப் பயணத்தில் இந்தத் தப்பு பெரிதாகத் தெரியாது. சென்னையிலிருந்து டெல்லி போகும் வழியில் ஹைதராபாத், நாக்பூர், போபால் என்று ஏதாவதொன்று கீழே வந்துகொண்டே இருக்கும். கடல் மேல் அப்படி எதுவும் வராது. அதனால் கடல் தாண்டும் பயணத்துக்கான திட்டம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றியே நிற்கிறது: இந்த நிமிடம் ஏதாவது நடந்தால் எந்தக் கரைக்குப் போவேன்? பாதை, காற்று, எரிபொருள் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வேலைதான். எட்டு மணி நேரம் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன சுவாரசியம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் பறந்தவர்கள்.

இந்தக் கட்டுரைக்கு லண்டன்–நியூயார்க் பாதையையே எடுத்துக்கொள்கிறேன். பசிபிக் இன்னும் பெரியதுதான், ஆனால் கற்றுக்கொள்ள அட்லாண்டிக்தான் வசதி. நெரிசல் அதிகம், விதிகள் தெளிவு, திரும்ப நல்ல விமான நிலையங்கள் உண்டு.

கோடு ஏன் வளைகிறது

ஒரு பந்தையும் நூலையும் எடுத்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் நேரே மேற்கே போகாது. முதலில் கொஞ்சம் வடக்கே ஏறி, அயர்லாந்தைத் தாண்டி, நியூஃபவுண்ட்லாந்தைத் தொட்டு, பிறகு கீழே இறங்கும். லண்டன் இருப்பது 51.5 டிகிரி வடக்கு. நூலின் உச்சி 53, 54 டிகிரி வரை போகும். தட்டையான வரைபடத்தில் வளைவாகத் தெரியும் இதுதான் உருண்டையின் மேல் குறுக்குவழி.

ஆனால் குறுக்குவழி எப்போதும் விரைவான வழி அல்ல. அட்லாண்டிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றோட்டம் ஓடுகிறது. அது ஒரு நாள் வடக்கே நெளியும், ஒரு நாள் தெற்கே இறங்கும், சில நாள் இரண்டாகப் பிரியும். அதன் பலம் தெரிய ஒரு கணக்கு போதும்: 2020 பிப்ரவரியில் சியாரா புயல் நேரத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. சாதாரண நாளில் ஆறரை மணி நேரம் ஆகும் பயணம் அது. கிழக்கே போகிறவர் இந்த ஆற்றுக்குள் இறங்கி மிதக்க வேண்டும். மேற்கே போகிறவர் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சுற்றுவதால் நூறு மைல் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகலாம்.

எல்லா விமானங்களுக்கும் இதே கணக்கு என்பதால் எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவியும். கரையிலுள்ள ராடார் நடுக்கடலை எட்டாது. செயற்கைக்கோள் வழியாக விமானங்களின் இருப்பிடத்தைப் பார்க்கும் வசதி இங்கே 2019-இல்தான் வந்தது. அதற்கெல்லாம் வெகு முன்பே கண்டுபிடித்த வழிதான் தினமும் புதிதாகப் போடப்படும் வான்தடங்கள். ஐரோப்பாவிலிருந்து கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பகலில் கிளம்புவார்கள். அமெரிக்காவிலிருந்து கிளம்புகிறவர்கள் இரவில் ஏறிக் காலையில் இறங்குவார்கள். அதனால் பகலில் மேற்கு நோக்கி ஒரு கட்டு, இரவில் கிழக்கு நோக்கி ஒரு கட்டு. பகல் தடங்களைப் போடுவது ஷான்விக் என்ற வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம். அயர்லாந்தின் ஷானன், ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் இரண்டு பெயரையும் ஒட்டவைத்த பெயர் அது. கட்டுப்பாட்டாளர்கள் பிரெஸ்ட்விக்கில், ரேடியோ நிலையம் ஷானன் பக்கத்தில். இரவுத் தடங்களைப் போடுவது கேண்டர், நான் தலைகுனிந்து இறங்கிய அதே ஊர்.

மேற்கே போகும் தடங்களுக்கு வடக்கிலிருந்து ஏ, பி, சி என்று பெயர். கிழக்கே போவதற்குத் தெற்கிலிருந்து இசட், ஒய், எக்ஸ் என்று பின்னாலிருந்து வரும். மேற்கே போகும் தடம் பெரும்பாலும் அயர்லாந்துப் பக்கம் லிம்ரி, டோகல், மாலோட் மாதிரி பெயருள்ள ஒரு புள்ளியில் தொடங்கும். பிறகு பெயர்கள் நின்றுவிடும். கடலில் பத்து டிகிரிக்கு ஒரு புள்ளி, வெறும் எண்களாக: 52 வடக்கு 20 மேற்கு, 52 வடக்கு 30 மேற்கு என்று. கனடாக் கரை நெருங்கும்போது நிக்சோ, போர்ட்டி போல மறுபடி பெயர்கள் வரும்.

இதையெல்லாம் நீங்கள் கையால் செய்ய வேண்டியதில்லை. சிம்பிரீஃப் என்ற இலவசச் சேவையில் கிளம்பும் இடம், இறங்கும் இடம், விமான வகை கொடுத்தால், அன்றைய தடங்களையும் காற்றையும் வைத்து உண்மையான நிறுவனங்கள் விமானிக்குக் கொடுப்பது போன்ற ஒரு கட்டுக் காகிதத்தையே தந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பதிவிறக்கி, பாதையை மட்டும் விமானத்தின் கணினியில் ஏற்றிவிட்டு, மீதியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. விஷயமே அந்த மீதியில்தான் இருக்கிறது.

திரும்பும் கரை

இரட்டை எஞ்சின் விமானம் ஒரே எஞ்சினோடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு விதி உண்டு, ஈடாப்ஸ் என்பார்கள். அந்தக் காலத்தில் இரட்டை எஞ்சின் விமானம் எப்போதும் ஏதாவதொரு விமான நிலையத்திலிருந்து 60 நிமிடத் தூரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால்தான் கடல் பாதைகள் மூன்று, நான்கு எஞ்சின் விமானங்களின் ராஜ்ஜியமாக இருந்தன. 1985-இல் டிடபிள்யூஏ நிறுவனத்தின் போயிங் 767 பாஸ்டனிலிருந்து பாரிஸுக்கு அந்த எல்லையைத் தாண்டிப் பறந்தது. அதே ஆண்டில் 120 நிமிடமும், 1988-இல் 180 நிமிடமும் அனுமதியானது. இன்று அட்லாண்டிக்கில் இரட்டை எஞ்சின்தான் வழக்கம்.

சிமுலேட்டரில் உங்களிடம் யாரும் உரிமம் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த விதி கேட்கும் கேள்வியைப் பிடித்துக்கொள்ளலாம்: அந்த விமான நிலையம் எது? அட்லாண்டிக்கில் அடிக்கடி வரும் பெயர்கள் அயர்லாந்தின் ஷானன், ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக், அசோர்ஸ் தீவுகளின் லாஜெஸ், கனடாவின் கேண்டர், கூஸ் பே. ஐந்திலுமே ரன்வே மூன்று கிலோமீட்டரைத் தாண்டும். வரைபடத்தில் கிரீன்லாந்தின் நார்சார்சுவாக் இன்னும் பக்கமாகத் தெரியும், ஆசை காட்டும். அங்கே ரன்வே 1,800 மீட்டர் சொச்சம், சுற்றிலும் மலையும் நீரும். ஏ330-க்கு அதை எண்ணாதீர்கள். பக்கத்தில் இருக்கிறதா என்பதோடு ரன்வே போதுமா, நாம் போய்ச் சேரும் நேரத்தில் அங்கே மூடுபனியா பனிப்புயலா என்பதையும் பார்த்த பிறகே ஒரு ஊரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

சரி, ஷானனும் கேண்டரும் என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டுக்கும் நடுவே சுமார் 1,700 கடல் மைல். எந்த இடம் வரைக்கும் பின்னால் திரும்புவது, எங்கிருந்து முன்னால் போவது? 850-ஆவது மைல் என்று சொல்லத் தோன்றும். காற்றே இல்லாத உலகத்தில் அது சரி.

என் அன்றைய காற்றை வைத்துப் பார்ப்போம். முன்னால் போனால் 390, திரும்பினால் அதே காற்று முதுகில் தள்ள 550. இரண்டு கரைக்கும் ஒரே நேரம் ஆகும் புள்ளியைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் எளிது: மொத்தத் தூரத்தைத் திரும்பும் வேகத்தால் பெருக்கி, இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 1,700 பெருக்கல் 550, வகுத்தல் 940. விடை 995. அதாவது ஷானனிலிருந்து 995 மைல் போன பிறகுதான் உண்மையான நடுவழி வருகிறது. அங்கிருந்து கேண்டருக்கு 705 மைல்தான் பாக்கி. ஆனாலும் எந்தப் பக்கம் போனாலும் ஒரு மணி 49 நிமிடம்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 900-ஆவது மைலில் கோளாறு வந்தால் திரையில் கேண்டர்தான் பக்கமாகத் தெரியும். கை தானாக அங்கே போகும். காற்றைப் பார்த்தவருக்கு ஷானன்தான் பக்கம். சம நேரப் புள்ளி என்று இதைச் சொல்லலாம். சிம்பிரீஃபில் ஈடாப்ஸ் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் அதுவே கணக்கிட்டுத் தரும். அதை விமானத்தின் கணினியில் ஒரு குறியாகப் போட்டுவையுங்கள். குறியைத் தாண்டும்வரை பின்கரை, தாண்டிய பிறகு முன்கரை. பதற்றத்தில் யோசிக்க வேண்டாம்.

நான் மேலே போட்டது இரண்டு எஞ்சினும் ஓடும்போதுள்ள கணக்கு. ஒன்று நின்றால் விமானம் கீழே இறங்கி மெதுவாகத்தான் போகும். கேபினில் காற்றழுத்தம் போனால் 10,000 அடிக்கே இறங்கியாக வேண்டும். அங்கே காற்று வேறு, எரிபொருள் செலவு மிக அதிகம். எரிபொருள் விஷயத்தில் கடலுக்கு மேல் மிக மோசமான நிலைமை பெரும்பாலும் அதுதான். புள்ளி கொஞ்சம் இடம் மாறும், முறை மாறாது.

எவ்வளவு ஊற்றுவது

இப்போது என் 43 டன்னுக்கு வருவோம். முறையாகப் போட்டிருந்தால் இப்படி இருந்திருக்கும்: பயணத்துக்கு 46, எதிர்பாராததற்கு அதில் ஐந்து சதவீதம் 2.3, நியூயார்க்கில் இறங்க முடியாவிட்டால் பாஸ்டன் போக 3, எல்லாம் போக 1,500 அடியில் 30 நிமிடம் வட்டமடிக்க 2.5, தரையில் உருள அரை டன். மொத்தம் 54 டன்னைத் தாண்டுகிறது. என்னைவிடப் பதினொரு டன் அதிகம். அந்தக் கடைசி 30 நிமிட எரிபொருளைத் தொடவே கூடாது. நிஜ விமானி அதைத் தொட்டால் அவசரநிலை அறிவிப்பார்.

அப்படியானால் தொட்டியை நிரப்பிவிட்டாலென்ன? முடியும், ஆனால் எரிபொருளுக்கும் எடை உண்டு. இப்படி நீண்ட பயணத்தில் கூடுதலாகச் சுமக்கும் எரிபொருளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அதைச் சுமப்பதற்கே எரிந்துபோகும். கனமான விமானம் உயரவும் மறுக்கும். அதனால்தான் முதலில் 34,000 அடி, எரிபொருள் கரைந்து உடம்பு இளைத்ததும் 36,000, அப்புறம் 38,000 என்று படிப்படியாக ஏற வேண்டியிருக்கிறது. ஏறும் இடங்களும் அந்தக் காகிதத்தில் இருக்கும். கவனிக்காமல் விட்டால் விமானம் கீழேயே நின்று அதிகமாகக் குடிக்கும்.

ஊற்றியதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு பத்து டிகிரிப் புள்ளியிலும் மூன்று எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்: திட்டப்படி இருக்க வேண்டியது, உண்மையில் இருப்பது, இதுவரை எரிந்தது. இருப்பதையும் எரிந்ததையும் கூட்டினால் கிளம்பும்போது இருந்த எண் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒழுகுகிறது.

2001 ஆகஸ்ட் 24 அன்று டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் போன ஏர் டிரான்சாட் 236 இந்த ஏ330 வகைதான். வலது எஞ்சின் பக்கம் எரிபொருள் ஒழுகியது. இடமும் வலமும் எடை சமமில்லை என்று காட்டியதும், விமானிகள் நல்ல பக்கத்து எரிபொருளையும் ஒழுகும் பக்கத்துக்குத் திறந்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு எஞ்சினும் நின்றன. கேப்டன் ராபர்ட் பிஷேயும் துணை விமானி டிர்க் டி யாகரும் சுமார் 19 நிமிடம், 65 கடல் மைல், எஞ்சினே இல்லாமல் மிதந்து லாஜெஸில் இறக்கினார்கள். 306 பேரும் பிழைத்தார்கள். அசோர்ஸ் பக்கமாகத் திரும்பும் முடிவை எஞ்சின்கள் நிற்பதற்கு முன்பே எடுத்திருந்ததால்தான் தீவு எட்டும் தூரத்தில் இருந்தது.

வீட்டில் கோளாறுகளை நீங்களே இயக்கிவிட்டாலொழிய ஒழுகல் வராது. ஆனால் தாளில் எழுதும் பழக்கம் இன்னொன்றைக் காட்டிக்கொடுக்கும்: சிமுலேட்டரின் காற்றும் திட்டத்தின் காற்றும் ஒன்றுதானா என்பதை. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் மெட்டியோபுளூ நிறுவனத்தின் வானிலையை எடுக்கிறது. எக்ஸ்-பிளேன் தன் வழியில் தரவு இறக்குகிறது. வானிலையைத் ‘தெளிவான வானம்’ என்று வைத்துவிட்டு நிஜக் காற்றுக்கான எரிபொருளோடு கிளம்பினால் மேற்கே போகும்போது மிஞ்சும். கிழக்கே போகும்போது, வராத பின்காற்றை நம்பிக் கடலில் நிற்பீர்கள்.

ஓர் எண் மாறினால்

52 வடக்கு 30 மேற்கு என்பதைக் கணினியில் 5230 என்று அடித்துக் கடைசியில் ஆங்கில ‘என்’ (N) எழுத்தைச் சேர்ப்பார்கள். இரண்டுக்குப் பதில் ஒன்று விழுந்தால் 51 டிகிரி. 60 கடல் மைல் தெற்கே, நேராக அடுத்தவர் தடத்தில். ஆட்டோபைலட்டுக்கு அது தப்பென்று தெரியாது. பணிவோடு அங்கேயே கூட்டிக்கொண்டு போகும். நிஜ விமானிகளும் பயப்படும் பிழை இது, அதனால் இருவர் தனித்தனியாகச் சரிபார்ப்பார்கள்.

வீட்டில் நாம் ஒருவர்தான். அதற்கு இரண்டு சோதனை போதும். அந்த அட்சரேகையில் பத்து டிகிரி என்பது சுமார் 370 கடல் மைல். கணினி காட்டும் தூரம் அதற்கு நெருக்கமாக இல்லையென்றால் ஏதோ தப்பு. அப்புறம் ஒவ்வொரு புள்ளியைத் தாண்டிப் பத்து நிமிடம் கழித்து, விமானம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். கோட்டின் மேல் இருந்தால் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.

கடலுக்குள் நுழைந்த பிறகு மிச்ச வேலை குறைவு. தடத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒன்று, இரண்டு கடல் மைல் வலப்பக்கம் விலகிப் பறக்கலாம்; துல்லியமான ஜிபிஎஸ் எல்லோரையும் ஒரே கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திவிடுவதால் வந்த ஏற்பாடு. இடப்பக்கம் மட்டும் கூடாது. நுழைந்த பிறகு, விமானத்தின் அடையாள எண்ணை அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரில் 2000 போடுவது வழக்கம். சிமுலேட்டர்காரர்கள் சேர்ந்து பறக்கும் வாட்சிம் போன்ற இணைய வலையமைப்பில் பறந்தால் கட்டுப்பாட்டாளரிடம் புள்ளிகளை அறிவிக்க வேண்டியிருக்கும். அங்கே வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் ‘கிராஸ் தி பாண்ட்’ நிகழ்வில் தடங்கள் நிஜமாகவே நிரம்பி வழியும். முதல் பயணத்தை அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

நேரத்தை வேகப்படுத்தலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கரை தெரியாத நேரான பகுதியில் இரண்டு, நான்கு மடங்கு வைக்கலாம், எனக்கு அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் தெரியவில்லை. திருப்பங்களுக்கும் உயரம் மாற்றுவதற்கும் பத்து நிமிடம் முன்பே சாதாரண வேகத்துக்கு வந்துவிடுங்கள். அதிவேகத்தில் ஆட்டோபைலட் குடிகாரனைப் போல் இடமும் வலமும் தள்ளாடும்.

கடைசியாகக் கடிகாரம். மேற்கு நோக்கிய தடங்கள் 30 டிகிரி மேற்கில் உலக நேரம் 11:30 முதல் 19:00 வரை செல்லும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அது மாலை 5:00 முதல் நள்ளிரவு 12:30. ஹீத்ரோவிலிருந்து அந்த இடத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஆக, மாலை ஆறரைக்கு இங்கே கிளம்பினால் ஒன்பதரை சுமாருக்கு, தடங்கள் முழுக்கப் புழக்கத்தில் இருக்கும்போதே, அங்கே இருப்பீர்கள். ஏழு மணி நாற்பது நிமிடக் கணக்குப்படி நியூயார்க் ரன்வேயில் சக்கரம் படும்போது நம் வீட்டில் மணி இரண்டே கால். கிழக்கு நோக்கிய தடங்கள் அதே இடத்தில் நமக்குக் காலை 6:30 முதல் பகல் 1:30 வரை. நியூயார்க்கிலிருந்து அங்கே வர நான்கு மணி நேரம் ஆகும் என்பதால், விடிகாலை நான்கு மணிக்கு எழுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தோது. லண்டனில் இறங்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.